தவிட்டுப்பாளையம் வீடு (வாட்ஸ்அப் குரூப்)

சனிக்கிழமை

[மாலை 6:38] செந்தில்: [படம்]
[மாலை 6:39] செந்தில்: நிலாவோட குதிரை பிஸ்கட்டை ஏத்திட்டுப் போக, கார் பின்னால மாட்டற ட்ரெய்லர் பாத்துட்டு இருக்கேன். ரெண்டு குதிரை நிக்கும், பின்னால சரிவுப் பலகை, நடுவுல தடுப்பு. 6,500 டாலர் சொல்றாங்க. முருகேசண்ணா, இது எப்படி?
[மாலை 6:41] சுதா: அங்க டெக்சாஸ்ல விடிஞ்சுதா அதுக்குள்ள? ட்ரெய்லர் பளபளன்னு இருக்கே
[மாலை 6:44] நிலா: அத்தை, அதுல பிஸ்கட் ஏறவே ஏறாது. ஃபிரெண்டு கிட்ட இதே மாதிரி இருக்கு, போன வாரம் ஒன்றரை மணி நேரம் வாசல்லயே நின்னுச்சு
[மாலை 6:52] அப்பா: ஏறாது கண்ணு. குதிரைக்கு அது குகை மாதிரி. உள்ள இருட்டு, ரெண்டு பக்கமும் விலாவுல தட்டும், முன்னால செவுரு. வெளியேற வழி தெரியாத எடத்துக்குள்ள எந்தக் குதிரையும் தானா போகாது
[மாலை 6:53] அப்பா: நம்ம அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு லாரியில வர்ற குதிரைகளைப் பாரு. மேல தொறந்து கெடக்கும். வண்டியை மண்மேட்டோட ஒட்டி ரிவர்ஸ்ல நிறுத்தி அடியில வைக்கோலைப் பரப்பிட்டா நடந்தே ஏறிக்கும்
[மாலை 6:55] பிரபு: மாமா டைப் பண்றாரா? 😮
[மாலை 6:56] சுதா: பேசுனா அதுவே அடிச்சுக்குது. நேத்துதான் சொல்லிக் குடுத்தேன். "கொள்ளு"ன்னு சொன்னா "கொல்லு"ன்னு போடுது, யாரும் பயந்துராதீங்க
[மாலை 7:10] முருகேசன்: சித்தப்பா சொல்றது சரி. செந்திலு, நீ ஸ்டாக் ட்ரெய்லர் பாரு. மாடு ஏத்தறதுக்குன்னு பண்ணுன வண்டி. பக்கவாட்டுல பட்டை பட்டையா இடைவெளி விட்டிருக்கும், காத்தும் வெளிச்சமும் உள்ள வரும். தடுப்பு கெடையாது, நடுவுல ஒரு கேட் மட்டும். டெக்சாஸ் வெயிலுக்கு அதுதான் லாயக்கு. டென்டன்ல எங்க பக்கத்துப் பண்ணையில அஞ்சு குதிரைக்காரங்க இருந்தா மூணு பேரு அதுலதான் ஓட்டறாங்க
[மாலை 7:12] கவிதா: மழை பெஞ்சா நனையாதா? ரோட்டுக் கல்லு வந்து கண்ணுல அடிக்காதா?
[மாலை 7:14] முருகேசன்: நனையும். கண்ணுக்கு வலை முகமூடி போட்டுடு, ஈக்குப் போடுவமே அதுதான். முன்பக்க இடைவெளிய மறைக்கறதுக்குத் தகடும் இருக்கு. கம்பளி மேல போத்திக்கிட்டுப் போற ஊரா அது
[மாலை 7:20] செந்தில்: சின்னதா 14 அடி போதும்னு நெனைக்கறேன். நம்ம ஹைலேண்டர் கார் இழுத்துரும்ல? 5,000 பவுண்ட் இழுக்கும்னு போட்டிருக்கான்
[மாலை 7:21] பிரபு: மச்சான் கணக்குப் போடலாமா
[மாலை 7:24] பிரபு: காலி ட்ரெய்லர் இரும்புல 14 அடின்னா 2,800 வெச்சுக்க. பிஸ்கட் 1,100. ஃபிரெண்டோட குதிரை ஒரு 900. சேணம், வைக்கோல், தண்ணி கேன் 200. மொத்தம் எத்தனை?
[மாலை 7:25] நிலா: சரியா 5,000 மாமா
[மாலை 7:26] செந்தில்: அப்ப சரியாத்தானே இருக்கு
[மாலை 7:27] பிரபு: மச்சான்!! நான் ஐஷர் லாரி ஓட்டறவன். மூட்டை ஏத்துனா மூட்டை சும்மா கெடக்கும். குதிரை நிக்கற சரக்கு, பிரேக் அடிச்சா கால் மாத்தும், வளைவுல ஒரு பக்கம் சாயும். அந்த அசைவு நேரா உன் பின்பக்கத்துக்கு வரும். கார் ட்ரெய்லரை இழுக்கறது போயி ட்ரெய்லர் காரை ஆட்ட ஆரம்பிச்சுரும்
[மாலை 7:31] முருகேசன்: இழுக்கற கணக்கு ஒண்ணு, ஹிட்ச் மேல, அதான் கார்ல ட்ரெய்லரை மாட்டற கொக்கி மேல, உக்கார்ற எடை இன்னொண்ணு. மொத்த எடையில நூத்துக்கு 10லருந்து 15 வரைக்கும் முன்னால அமுக்கணும், இல்லன்னா வால் ஆடும். 5,000க்கு 500லருந்து 750. அதுக்கு மேல நீங்க மூணு பேரு, சாமான் வேற. டிரைவர் கதவைத் தொறந்தா சட்டத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கார் எவ்வளவு சுமக்கும்னு அதுல பாரு. விளம்பரத்துல இருக்கறதை நம்பாதே
[மாலை 7:33] கவிதா: நான் மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன் மொதல்ல பிக்கப் வாங்குங்கன்னு
[மாலை 7:33] செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
[மாலை 7:34] சுதா: என்ன அண்ணா அழிச்ச? ஹஹா

[இரவு 11:48] செந்தில்: [படம்] [படம்]
[இரவு 11:49] செந்தில்: ஹெம்ப்ஸ்டெட் பக்கம் ஒரு பண்ணையில ஸ்டாக் ட்ரெய்லர், 14 அடி, 3,800 டாலர். இப்ப அங்கதான் நிக்கறேன். டயர் பட்டன் எல்லாம் புதுசாட்டமே இருக்கு
[இரவு 11:51] முருகேசன்: உள்ள உசரம் அளந்தியா
[இரவு 11:53] செந்தில்: ஆறரை அடி
[இரவு 11:54] முருகேசன்: அது மாட்டுக்கு. பிஸ்கட் தோள் உசரமே 15 கை, அதாவது 5 அடி. தலையைத் தூக்குனா கூரையில இடிக்கும். ஒருக்கா இடிச்சுதுன்னா அடுத்த வாட்டி ஏறாது. 7 அடி வேணும்
[இரவு 11:55] பிரபு: டயர் பட்டனைப் பாக்காத. பக்கவாட்டுல கடைசி நாலு நம்பர் என்ன?
[இரவு 11:58] செந்தில்: 3216
[இரவு 11:59] பிரபு: 2016ல 32வது வாரம் பண்ணுனது. ஓடாம வெயில்ல நின்ன டயர் அது, பட்டன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். விரலால அமுக்கு, ஓரத்துல நுணுக்கமா வெடிப்பு தெரியுதா?
[அதிகாலை 12:02] செந்தில்: தெரியுது
[அதிகாலை 12:03] முருகேசன்: கீழ ரப்பர் மேட்டைத் தூக்கு
[அதிகாலை 12:04] செந்தில்: விக்கறவரு அது ரொம்பக் கனம், தூக்க வேணாங்கறாரு
[அதிகாலை 12:04] முருகேசன்: தூக்கு!
[அதிகாலை 12:13] செந்தில்: [படம்]
[அதிகாலை 12:14] செந்தில்: ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் குத்துனேன். பலகையில பாதி வரைக்கும் உள்ள போயிருச்சு, வெண்ணெய்ல குத்துன மாதிரி. நிலா பாத்துட்டு ஒண்ணும் பேசாம கார்ல போயி உக்காந்துட்டா
[அதிகாலை 12:16] முருகேசன்: மூத்திரம் எறங்கி எறங்கி மக்கியிருக்கும். ஓடற வண்டியில பலகை உடைஞ்சு குதிரைக்கால் ரோட்டுல பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். அடியில குறுக்கு இரும்பையும் பாத்திருந்தீன்னா துருதான் வந்திருக்கும். கிளம்பி வா
[அதிகாலை 12:17] செந்தில்: கிளம்பியாச்சு

ஞாயிறு

[காலை 5:35] அப்பா: இப்பத்தான் பாத்தேன். நல்லவேளை
[காலை 5:37] அப்பா: குதிரைக்குச் சுழி பாப்போம், பல்லு பாப்போம். வண்டிக்கு அடிவயிறு பாக்கணும்
[காலை 5:40] பிரபு: மாமா, இது ஸ்டேட்டஸ் வெக்கலாமுங்க
[காலை 5:44] செந்தில்: அலுமினியம் வாங்கிட்டா துரு தொல்லை இல்லல்ல அண்ணா?
[காலை 5:50] முருகேசன்: துருப் புடிக்காது, கனமும் கம்மி. ஆனா விலை உன் பட்ஜெட்டைத் தாண்டும். அலுமினியத் தரையும் மூத்திரத்துல அரிக்கும், மேட்டைத் தூக்கிக் கழுவணும். எதுவா இருந்தாலும் கழுவற வேலை உனக்குத்தான்
[காலை 5:51] கவிதா: நிலாவுக்குத்தான்

பத்து நாள் கழிச்சு, புதன்

[இரவு 8:15] செந்தில்: [படம்] [படம்] [படம்]
[இரவு 8:16] செந்தில்: முடிச்சாச்சு. 16 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உசரம். 3,500 பவுண்ட் ஆக்ஸில் ரெண்டு. தரையைக் குத்திப் பாத்தேன், கிண்ணுனு இருக்கு. டயர் நாலும் மாத்திட்டேன், ஸ்டெப்னியோட அஞ்சு. போன வாரமே பழைய பிக்கப் ஒண்ணும் எடுத்துட்டேன், கவிதா ஜெயிச்சுட்டா
[இரவு 8:20] முருகேசன்: பிரேக்?
[இரவு 8:22] செந்தில்: ரெண்டு ஆக்ஸில்லயும் எலக்ட்ரிக் பிரேக். அதைப் பிக்கப்புலருந்து இயக்கற கன்ட்ரோலர் மாட்டியாச்சு. ஹிட்ச் கழண்டா தானா பிரேக் புடிக்கற சின்ன பேட்டரியும் இருக்கு, அதுக்குன்னு இருக்கற பின் ஒண்ணை இழுத்துச் சோதிச்சேன், சக்கரம் இறுகிருச்சு
[இரவு 8:23] முருகேசன்: நல்லது. டெக்சாஸ்ல 4,500 பவுண்டுக்கு மேலன்னா ட்ரெய்லருக்கு பிரேக் சட்டப்படியே வேணும். சங்கிலி ரெண்டையும் குறுக்கால மாட்டு. பத்து மைல் ஓட்டிட்டு எறங்கி வீல் நட்டைத் திருப்பிப் பாரு
[இரவு 8:30] அப்பா: மொத நாளே ஏத்திட்டு ஓட்டாதே சாமி. வண்டியை மேய்ச்சல் காட்டுல நிறுத்து, பிக்கப்போட மாட்டியே இருக்கட்டும், சும்மா விட்டா முன்னால தூக்கிரும். கதவைத் தொறந்து வெச்சு உள்ள தீனி வை. ஒரு வாரம் அதுபாட்டுக்குப் போயி வரட்டும். கயித்தைப் புடிச்சு இழுக்கவே கூடாது. ரேக்ளாவுக்கு வெச்சிருந்தமே அந்த மட்டக்குதிரை, இழுத்தா பின்னால உக்காந்துக்கும்
[இரவு 8:32] நிலா: சரி அப்பாரு. உள்ள கட்டறதுக்கு?
[இரவு 8:34] அப்பா: நுனியை இழுத்தா அவுந்துக்கற முடிச்சு. வேற முடிச்சு போடாதே. கயிறு தரைக்குத் தொங்கக் கூடாது, கால் சிக்கும்

அடுத்த வியாழன்

[காலை 6:02] நிலா: அப்பாரு!!! பிஸ்கட் தானா ஏறிடுச்சு! நான் தொடவே இல்ல!
[காலை 6:02] நிலா: [வீடியோ]
[காலை 6:03] சுதா: அய்யோ என்ன ஸ்டைலா ஏறுது
[காலை 6:09] நிலா: ஒரு பிரச்சனை. இப்ப இறங்க மாட்டேங்குது. பின்னால தள்ளுனா நிக்குது, படி ஆழமா இருக்குன்னு பயம்
[காலை 6:11] அப்பா: ஏன் தள்ளற? உள்ளதான் தடுப்பு இல்லையே. தலையைத் திருப்பி, வாசலைப் பாக்க வெச்சுக் கூட்டிட்டு வா
[காலை 6:16] நிலா: வந்துருச்சு. மறுபடியும் ஏறிடுச்சு
[காலை 6:17] பிரபு: உள்ள இன்னும் தீனி இருக்கா?
[காலை 6:17] நிலா: ஆமா மாமா
[காலை 6:18] பிரபு: அப்புறம் எப்படி எறங்கும்