ஏஐ-க்கு டேட்டா போறதை எப்படி நிறுத்துறது? செட்டிங்ஸ்ல ஆப்ஷனே காணோம் (அவசரம்)

காவிரிக்கரை_ஈரோடு
வணக்கமுங்க. ஆபீஸ்ல யூஸ் பண்ற சாஃப்ட்வேர் கம்பெனில இருந்து மெயில் வந்திருக்கு. கஸ்டமர் டேட்டாவை வச்சு அவங்க ஏஐ-யை இம்ப்ரூவ் பண்ணப் போறாங்களாம், வேண்டாம்னா செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிக்கலாமாம். நானும் துழாவிட்டேன், அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்க. சார் திங்கக்கிழமைக்குள்ள ஆஃப் ஆகணும்னு சொல்லிட்டார். ஸ்க்ரீன்ஷாட் போட முடியாது, கிளையன்ட் பேரெல்லாம் தெரியுது. தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

மழைக்காகம்
எந்த சாஃப்ட்வேர்? இலவச ப்ளானா, காசு கட்டுறதா? போன்லயா, கம்ப்யூட்டர்லயா? உங்க லாகின் அட்மினா, சாதா யூசரா? ஒண்ணுமே சொல்லாம எப்படிங்க.

டீக்கடை_பெஞ்ச்
கேஷ் க்ளியர் பண்ணுங்க. இன்காக்னிட்டோல திறந்து பாருங்க. எனக்கு ஒரு தடவை ரயில் டிக்கெட் பக்கத்துல பட்டனே வரலை, கேஷ் அழிச்சதும் வந்துச்சு.

நிரலாழி
வந்த மின்னஞ்சலை முழுவதும் படித்தீர்களா, தலைப்பை மட்டும் படித்தீர்களா? "செட்டிங்ஸில்" என்ற சொல்லுக்கு முன்னால் யாருடைய செட்டிங்ஸ் என்று ஒரு சொல் இருந்திருக்கும். இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடல் பெட்டி அழகுக்காக வைக்கப்படவில்லை.

வைகை_வாசி
செட்டிங்ஸ்ல இருந்தே ஆகணும்னு இல்லை தம்பி. 2024 மே மாசம் ஸ்லாக்னு ஆபீஸ் சாட் ஆப், அது ஏஐ பழக்க டேட்டா எடுக்குற விஷயம் பெரிசா வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அதுல சுவிட்சே கிடையாது. ஒர்க்ஸ்பேஸ் ஓனர் மெயில் அனுப்பித்தான் விலகணும், மெயிலுக்கு என்ன சப்ஜெக்ட் போடணும்னுகூட அவங்களே சொல்லியிருந்தாங்க. அனுப்பாதவங்க எல்லாரும் தானா உள்ளேதான். உங்க மெயில்லயும் அடியில சின்ன எழுத்துல ஏதாவது முகவரி இருக்கான்னு பாருங்க.

மழைக்காகம்
அதோட சேர்த்து, ஸ்லாக் அப்ப கொடுத்த விளக்கத்தையும் சொல்லணும். அந்த டேட்டா சேனல் பரிந்துரை, எமோஜி பரிந்துரை, தேடல் முடிவு வரிசை இதுக்குத்தான், சாட்ஜிபிடி மாதிரி எழுதுற பெரிய மொழி மாடலைப் பழக்க இல்லைன்னாங்க. எல்லா ட்ரெய்னிங்கையும் ஒரே மூட்டையில கட்டக் கூடாது.

டீக்கடை_பெஞ்ச்
அவங்க சொல்றதை அப்படியே நம்புறீங்களாக்கும். 2023-ல ஜூம் என்ன பண்ணுச்சு? மார்ச்சுல விதிமுறையை மாத்தினாங்க, ஆகஸ்ட்ல யாரோ படிச்சுட்டு சத்தம் போட்டதும்தான் "ஆடியோ, வீடியோ, சாட் எதையும் ஏஐ பழக்க எடுக்க மாட்டோம்"னு திருத்தி எழுதினாங்க. படிக்காம விட்டிருந்தா?

காவிரிக்கரை_ஈரோடு
சாஃப்ட்வேர் பேர் வேண்டாம்னு சார் சொல்லிட்டாருங்க. பெய்டு ப்ளான்தான். ஆடிட்டர் ஆபீஸ். கிளையன்ட் கேக்குற சந்தேகம், அவங்க அனுப்புற பேங்க் ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் எல்லாம் அதுலதான் இருக்கு. நான் அட்மின்தான். போன்ல ஆப் வச்சிருக்கேன். ஏஐ சம்மரின்னு ஒண்ணு இருந்துச்சு, அதை ஆஃப் பண்ணிட்டேன். அது போதுமா?

மழைக்காகம்
போதாது. சம்மரியை ஆஃப் பண்ணினா உங்க ஸ்க்ரீன்ல சம்மரி வராது, அவ்வளவுதான். நீங்க பட்டன் அமுக்குறப்ப உங்க நோட்டீஸ் மாடலுக்குப் போய்ச் சுருக்கம் எழுதிட்டு வர்றது ஒரு வேலை. ஏற்கெனவே சர்வர்ல கிடக்கிற உங்க பழைய ஃபைலை எடுத்து மாடலைப் பழக்குறது வேற வேலை. முதல் வேலையை நிறுத்தினாலும் ரெண்டாவது பாட்டுக்கு நடக்கலாம். சில கம்பெனில இதுக்கு நடுவுல இன்னொண்ணும் இருக்கு: பதில் தரம் பாக்கறோம்னு ஆளுங்களே உக்காந்து சில உரையாடல்களைப் படிப்பாங்க. கூகுள் ஜெமினில இது வெளிப்படையாவே எழுதியிருக்கும், மனுஷங்க பார்த்த உரையாடல் 3 வருஷம் வரைக்கும் இருக்கும்னு.

நிரலாழி
நிர்வாகி வேறு, உரிமையாளர் வேறு. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் ஓர் அலுவலகத்தின் நிர்வாகியாக இருக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் தேடுவதோ இன்னும் வேடிக்கை.

வைகை_வாசி
ஐயா, அந்தப் பையன் ஏற்கெனவே பதட்டத்துல இருக்கான். தெரிஞ்சதை நேரா சொன்னா என்ன?
தம்பி, அவர் சொல்ற விஷயம் சரிதான், சொல்ற விதம்தான் அப்படி. இந்த மாதிரி ஆப்ஷனெல்லாம் பெரும்பாலும் முதல்ல அக்கவுன்ட் திறந்தவரோட லாகின்ல, ப்ரௌசர்ல போனாத்தான் தெரியும். போன் ஆப்ல பாதி செட்டிங்ஸ் இருக்காது. அக்கவுன்ட் யார் மெயில்ல திறந்தது?

கல்லூரிச்சாலை
ஆடிட்டர் ஆபீஸ்னா இது வெறும் செட்டிங்ஸ் பிரச்சினை இல்லை. 1949-ம் வருஷ சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்துல, கிளையன்ட் சம்மதம் இல்லாம அவர் தகவலை வெளியே சொல்றது தொழில் ஒழுங்கீனம்னு ரெண்டாவது அட்டவணையிலேயே இருக்கு. உங்க சார் அவசரப்படுறது அதனாலதான் இருக்கும். ஆஃப் பண்ணினதோட விடாம, கம்பெனிக்கு எழுத்துல ஒரு மெயில் போட்டு பதில் வாங்கி ஃபைல்ல வைங்க.

டீக்கடை_பெஞ்ச்
டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சே. ஒரு புகார் தட்டினா வேலை முடிஞ்சுது.

கல்லூரிச்சாலை
சட்டம் 2023-லயே வந்துடுச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. ஆனா சம்மதம், நோட்டீஸ் மாதிரி முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க. இன்னொண்ணு, அந்தச் சட்டப்படி கிளையன்ட் டேட்டாவுக்கு முதல் பொறுப்பு இவங்க ஆபீஸ்தான். சாஃப்ட்வேர் கம்பெனி இவங்க சார்பா வேலை செய்யற ஆள். புகார் தட்டினா முதல் கேள்வி இவங்களுக்கே வரும்.

குறிஞ்சிமலர்
எதுக்கு இவ்வளவு பயம்? பேர், பான் நம்பர் எல்லாம் எடுத்துட்டுத்தான் ட்ரெய்ன் பண்ணுவாங்க. நான் வேலை பாக்குற இடத்துலயும் அப்படித்தான். யாருன்னு தெரியாத டேட்டாவால யாருக்கு என்ன நஷ்டம்?

வைகை_வாசி
யாருன்னு தெரியாதுன்னுதான் 2006-ல ஏஓஎல்-ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியும் சொல்லுச்சு. ஆறரை லட்சம் பேர் தேடினதை, பேருக்குப் பதிலா நம்பர் போட்டு வெளியிட்டாங்க. நிருபர்கள் கொஞ்ச நாள்லயே ஒரு நம்பருக்குப் பின்னாடி இருந்த அம்மாவோட வீட்டுக் கதவைத் தட்டிட்டாங்க. ஊர், உறவுக்காரங்க பேர், உடம்புல இருக்கிற தொந்தரவு, எல்லாம் அவங்க தேடினதுலயே இருந்துச்சு.

குறிஞ்சிமலர்
அது 20 வருஷத்துக்கு முந்தின கதைங்க. இப்ப முறைகள் எவ்வளவோ மாறிடுச்சு. போன் கீபோர்டுக்கு கூகுள் 2017-லயே ஃபெடரேட்டட் லேர்னிங் கொண்டுவந்தாச்சு. நீங்க தட்டுறது போன்லயே இருக்கும், கத்துக்கிட்ட மாற்றம் மட்டும்தான் சர்வருக்குப் போகும்.

மழைக்காகம்
நல்ல முறைதான். ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்டை மொத்தமா தன் சர்வர்ல வச்சிருக்கிற கம்பெனி அந்தச் சிரமத்தை ஏன் எடுத்துக்கணும்? நெட்ஃபிளிக்ஸும் 2006-ல பட சிபாரிசை மேம்படுத்துற போட்டி வைக்க, ஜனங்க படத்துக்குப் போட்ட ரேட்டிங்கைப் பேர் இல்லாமத்தான் கொடுத்துச்சு. ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை ஐஎம்டிபி-ங்கிற சினிமா தளத்துல ஜனங்க போட்ட விமர்சனத்தோட ஒட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிச்சாங்க. 2010-ல அடுத்த போட்டியையே கைவிட வேண்டியதாப் போச்சு. இங்கேயும் அதேதான். "பள்ளிபாளையத்துல விசைத்தறி, மூணு பார்ட்னர், ஒருத்தர் துபாய்ல, போன வருஷம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து அபராதம் கட்டினாங்க." இதுல பேரும் இல்லை, பான் நம்பரும் இல்லை. அந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க.

குறிஞ்சிமலர்
அப்ப டேட்டாவே இல்லாம ஏஐ எப்படி வளரும்? தமிழ்ல கேட்டா தப்புத் தப்பா பதில் சொல்லுதுன்னு புலம்புறதும் நீங்கதான், டேட்டா தர மாட்டேங்கறதும் நீங்கதான்.

வைகை_வாசி
தமிழ் கத்துக்க விசைத்தறிக்காரர் பேங்க் ஸ்டேட்மென்ட் எதுக்குங்க? கேட்டு வாங்குங்க, மறுக்க வழி வைங்க, அவ்வளவுதான். லிங்க்ட்இன் 2024-ல ஏஐ ட்ரெய்னிங் செட்டிங்கை ஆன்ல வச்சுட்டுத்தான் தகவலே சொல்லுச்சு. அப்ப ஐரோப்பாக்காரங்களுக்கு மட்டும் விலக்கு, அங்கே சட்டம் கடிக்கும்னு. நம்ம ஊர்ல ஆன்தான். அதுவும் ஆஃப் பண்ணினா இனிமே எடுக்க மாட்டாங்களாம், அதுக்கு முன்னாடி பழக்கினது பழக்கினதுதானாம்.

நிரலாழி
இழை தடம் மாறிவிட்டது. கேள்வி கேட்டவர் எங்கே?

காவிரிக்கரை_ஈரோடு
கிடைச்சுருச்சுங்க. அக்கவுன்ட் சாரோட மச்சான் மெயில்ல திறந்திருந்தாங்க. அவர் லாகின்ல, கம்ப்யூட்டர்ல போனா பில்லிங்குக்குக் கீழே இருந்துச்சு. ஆஃப் பண்ணியாச்சு. எல்லாருக்கும் நன்றிங்க.

கல்லூரிச்சாலை
நல்லது. பழைய ஃபைலை ஏற்கெனவே எடுத்தாச்சான்னு கேட்டு மெயில் போட்டீங்களா? எந்தத் தேதியில இருந்து ஆன்ல இருந்துச்சுன்னும் கேளுங்க. முடிஞ்சா ஓனர்ஷிப்பையும் சார் பேருக்கு மாத்திடுங்க.

மழைக்காகம்
ஆமா, அது முக்கியம். என்ன பதில் வந்துச்சுன்னு இங்கே போடுங்க.

கல்லூரிச்சாலை
@காவிரிக்கரை_ஈரோடு பதில் வந்துச்சுங்களா?

தறிச்சத்தம்
எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனா மெயிலே வரலை, ஏஐ பட்டன் மட்டும் தானா முளைச்சிருக்கு. எங்கே போய் ஆஃப் பண்றது?

நிரலாழி
புதிய இழை தொடங்கவும். மென்பொருள், திட்டம், யாருடைய லாகின் என்ற விவரங்களுடன்.