புதுப்பிப்பு: மீட்டிங் படபடப்பு, நாலு மாசத்துக்கு அப்புறம்

நாலு மாசம் முன்னாடி புலம்பியிருந்தேன்: பெங்களூர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மீட்டிங்னாலே நெஞ்சு படபடக்குது, தூக்கமில்ல, எந்த மாதிரி தெரபிக்குப் போறதுன்னு. பதில் சொன்னவங்களுக்கு நன்றி.

முதல்ல போன இடம் ஒத்து வரல. சின்ன வயசுக் கதையையே தோண்டினாங்க, அதுவும் இங்கிலீஷ்ல. அந்த முறையே தப்புன்னு சொல்லல, சிலருக்கு அதுதான் வேணும். ஆனா எனக்கு அழுகை தமிழ்லதான் வருது, என்ன செய்ய.

அப்புறம் அல்சூர் பக்கம் தமிழ் பேசுற சைக்காலஜிஸ்ட் கிடைச்சாங்க. அவங்க செஞ்சது சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, நம்ம எண்ணத்தையும் நடத்தையையும் சோதிச்சுப் பார்த்து மாத்துற முறை), 1960கள்ல ஆரன் பெக்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கினது. நோட்டுல கோடு போட்டு எழுதணும்: என்ன நடந்தது, என்ன தோணுச்சு, அதுக்கு ஆதாரம் என்ன, எதிரா என்ன. 'மேனேஜர் என் முகத்தையே பார்க்கல, வேலை போயிடும்'னு எழுதிட்டு, ஆதாரம் கட்டத்துல பேனாவை வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுமே இல்ல. எதிர்க் கட்டத்துல எழுதினது: அவர் யாரையுமே பார்க்கல, இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்.

கூடவே மீட்டிங்ல படிப்படியா பேசிப் பழகறது. முதல் வாரம் ஒரே ஒரு கேள்வி. ஒதுங்க ஒதுங்க பயம் வளருமாம், அதுதான் கணக்கு. நடுவுல அம்மா ஊர்லேருந்து வந்து மிளகாய் சுத்திப் போட்டாங்க, அதுவும் நடந்தது.

செலவு பத்திக் கேட்டவங்களுக்கு: 2022ல மத்திய அரசு தொடங்கின மனநல உதவி போன் லைன் டெலி மானஸ், நம்பர் 14416. இலவசம், தமிழ்லயும் பேசலாம். நேர்ல பார்க்க பெங்களூர் ஓசூர் ரோட்டுல நிம்ஹான்ஸ்ங்கிற அரசு மனநல மருத்துவமனை இருக்கு.

படபடப்பு இன்னும் இருக்கு. கடைசி வரிசையில ஒளியறதில்ல, அவ்வளவுதான்.