பிளாச்சான் போடாத லக்சாவும் லக்சாவா?

கத்தோங்காரன்: நேத்து ஒரு தங்கச்சி இங்க "சிங்கப்பூர்லயே பெஸ்ட் லக்சா டவுன்ல இருக்கற அந்த வீகன் ஃபியூஷன் கடையிலதான்"னு எழுதிருந்துச்சு. படிச்சதுலேர்ந்து எனக்கு பத்திக்கிட்டு வருது. நம்ம லக்சான்னா தேங்காப்பால் ஊத்துன கார நூடுல்ஸ் சூப்பு; அதுல பிளாச்சான்ங்கற எறா பசை கெடையாது, காஞ்ச எறா கெடையாது, ஹம்ங்கற சிப்பி கெடையாது, அப்புறம் என்னதான்யா இருக்கு அதுல?

யீஷூன்_மீனா: எழுதுனது நான்தான்ணே. தாவ்ச்சியோங்கற சோயா பசை, காளான், கடற்பாசி போட்டு ரெம்பா மசாலா அரைக்கறாங்க, மேல லக்சா எல தூவுறாங்க, வாசன தூக்குது. நீங்க அங்க சாப்ட்டுப் பாத்தீங்களா, இல்ல சும்மா அடிச்சி விடுறீங்களா?

கத்தோங்காரன்: சாப்ட்டதாலதான் வயிறு எரியுது. 24 வெள்ளி ப்ளஸ் ப்ளஸ், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி 9, ஆக மொத்தம் 28 வெள்ளி 78 காசு. எங்க கத்தோங் ஏரியாவுல நூடுல்ஸ வெட்டிப் போட்டு கரண்டியாலயே அள்ளி சாப்புடுவோமே அந்த லக்சா, இந்தக் காசுக்கு மூணு பேரு சாப்புடலாம். அதுல பிளாச்சான் இருக்கும்.

புரட்டாசி_பாலா: வீகன்னா நம்ம சைவம்தானே, எதுக்கு இவ்ளோ பில்டப்பு? சிராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் 1947லேர்ந்து இருக்கு.

யீஷூன்_மீனா: நெய், தயிர், தேன் எதுவுமே வீகன்ல வராதுண்ணே. நெய் தோச எப்புடி கணக்குல சேரும்?

புரட்டாசி_பாலா: எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் சைவம், நெய் ஊத்தலன்னா சோறு எறங்காது. அவங்கள சைவம் இல்லங்கறியா?

பினாங்கு_மருமகன்: தேங்காப்பால் ஊத்துனாலே அது லக்சா இல்ல. எங்கூரு அசாம் லக்சா, மீனு, புளி, அதுதான்.

கத்தோங்காரன்: வந்துட்டாருய்யா. தீவாளிக்கு நாம சொல்ற ரொட்டி பராட்டாவா, அவரு ஊருல சொல்ற ரொட்டி சானாயான்னு பேருக்கு சண்ட போட்டு வாங்கிக் கட்டுனது இன்னும் ஆறல போல.

பினாங்கு_மருமகன்: சானாய்தான்.

செங்காங்_டீச்சர்: எங்க புளோக்குக்குக் கீழ சீனரோட சைவக் கடை ஒண்ணு இருக்கு, வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க, சீன மாசத்துல மொத நாளும் பதினஞ்சாம் நாளும் போனா வரிசை லிஃப்ட் வரைக்கும் நிக்கும், லக்சாவும் விக்கறாங்க, யாரும் இப்புடி ஒப்பாரி வச்சதில்ல.

கத்தோங்காரன்: டீச்சரம்மா, அவங்க போர்டுலயே சைவ லக்சான்னு எழுதிட்டுதான் விக்கறாங்க, அது யோக்கியம். பெஸ்ட் லக்சான்னு சொன்னா பிளாச்சான் எங்கன்னு கேப்பேன். பத்து தடவ கேப்பேன்.

யீஷூன்_மீனா: ஏற்கனவே கேட்டாச்சு. ஈஸ்ட் கோஸ்ட்ல எல்லாரும் கூடுனப்ப காளான் ரெண்டாங்ங்கற மலாய் மசாலாக் கறிய ஆட்டுக்கறின்னு நெனச்சி ரெண்டு தட்டு உள்ள தள்ளுனது யாருண்ணே?

புரட்டாசி_பாலா: ஆமா, எலும்பு எங்கன்னு தேடுனாரு.

கத்தோங்காரன்: ஒன்றர தட்டு. அதுக்கும் நான் வீட்டுலேர்ந்து போத்தல்ல கொண்டு வந்த சம்பல் பிளாச்சான தொட்டுக்கிட்டதாலதான் எறங்குச்சு.

பினாங்கு_மருமகன்: சானாய்.