ஆறு பேர் அறைக்கும் ‘போர்டு ரூம்’ என்று பெயரா?

மாறன்: எங்கள் அலுவலக அறைகளுக்குத் தமிழில் பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஆறு பேர் உட்காரும் சின்ன அறையையும் ‘போர்டு ரூம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘கூட்ட அறை’ என்று எழுதினால் போதும் என்பது என் கருத்து.

யாழினி: போதாது. போர்டு என்பது இயக்குநர் குழு. பழைய ஆங்கிலத்தில் பலகைக்கும் மேசைக்கும் இருந்த பெயர், அப்புறம் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களுக்கே ஆகிவந்தது. அவர்கள் கூடும் இடம்தான் போர்டு ரூம். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லாமல் அங்கே தீர்மானம் நிறைவேறாது. நடந்ததெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். வாராந்திர டீம் மீட்டிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டா?

மாறன்: சட்டப்படி சரி. ஆனால் இயக்குநர்கள் காணொலியில் கூடினாலும் அது போர்டு மீட்டிங்தானே? அறையில் என்ன இருக்கிறது? “போர்டு ரூம் காலியா?” என்று கேட்பவருக்கு நீள மேசையும் திரையும் உள்ள ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். பேச்சில் ஊறிப்போன பொருளைத் தவறு என்று தள்ள முடியாது.

கதிர்: ‘வாரிய அறை’ என்று எழுதுங்களேன். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே, 919, 921 ஆண்டுகளில், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் வருகின்றன. பொறுப்பை நம்பி ஒப்படைத்த குழு என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது.

யாழினி: எனக்கும் பிடித்த சொல்தான், கதிர். ஆனால் இன்றைக்கு வாரியம் என்றால் மின்வாரியமும் குடிநீர் வாரியமும்தான் நினைவுக்கு வரும். தனியார் நிறுவனக் கதவில் பார்த்தால் ஆள் குழம்பிப்போவார். ‘இயக்குநர் குழு’ செய்திகளில் நன்றாகப் பழகிய சொல். ‘இயக்குநர் குழு அறை’ என்றே எழுதலாம்.

கதிர்: ‘போர்டு ரூமில் முடிவான விஷயம்’ என்று வந்தால்? அங்கேயும் இதே பெயரா?

யாழினி: இல்லை, அங்கே அறையே வேண்டாம். ‘மேலிடத்து முடிவு’ என்றால் யாருக்கும் புரியும்.

மாறன்: மேலிடம் சரியான சொல், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு பேர் அறையின் கதவில் ‘இயக்குநர் குழு அறை’ என்று எழுத மாட்டேன். எந்த இயக்குநரும் அங்கே உட்கார்ந்ததில்லை.

யாழினி: அப்படியானால் அதற்குக் ‘கூட்ட அறை’ என்றே எழுதுங்கள். ஆனால் ‘போர்டு ரூம்’ என்ற பெயரையும் கதவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கதவில் இருக்கக் கூடாது.