'ஏர் இன்டேக்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வியாசர்பாடி:
குழுவினருக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் வகுப்புக்கான எட்டுப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காரோடு வந்த ஏர் இன்டேக்கைக் கழற்றிவிட்டு ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வேறு கம்பெனி தன் பெயரில் செய்தது, வாங்கி மாட்டுவது பற்றியது. இரண்டு சொல்லுக்கும் தமிழ் வேண்டும். ஏர் இன்டேக் என்பது ஃபில்டர் மட்டும் அல்ல. முன்பக்கம் காற்று நுழையும் வாய், ஃபில்டர் பெட்டி, குழாய், அதில் செருகியுள்ள சென்சார் என்று த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) வரைக்கும் உள்ள மொத்தத் தொகுதி. 'காற்று வடிகட்டி' என்று போட்டால் பையன்கள் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். இப்போதைக்கு 'காற்று உள்வாங்கி', 'பின்சந்தைப் பாகம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுமே எனக்குத் திருப்தி இல்லை.

காசிமேடு:
டீச்சர், இங்கே 'உள்வாங்கிடுச்சு' என்றால் கடல் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். 2004க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் கரையில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். காருக்கு வேண்டாம்.

ராயபுரம்:
'வளிவாய்' என்று வையுங்கள் அம்மா. இரண்டே அசை, ஒற்று மிகும் தொல்லை இல்லை. புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே ஐம்பூத வரிசையில் வளி வந்துவிடுகிறது. வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றை வேலை வாங்கியவன் என்று பொருள். இன்ஜின் செய்வதும் அதைத்தானே? தொல்காப்பியப் பிறப்பியலோ 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று தொடங்கித் தலை, மிடறு, நெஞ்சு என்று காற்றின் வழியையே வரைந்து காட்டுகிறது. குழாய்ப் படத்துக்குக் கீழே அந்த நூற்பாவை அச்சிடலாம்.

மூலக்கடை:
ஐயா மன்னிக்கணும். உந்தியில கெளம்பி வாய் வழியா வெளிய வர்ற காத்து எக்ஸாஸ்ட். டீச்சர் கேக்கறது உள்ள போறது.

கொழும்பு:
எங்கள் இலங்கைப் பாடநூல்களில் 'ஏர்' என்றால் வளிதான். சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும். 'வளி உள்ளெடுப்பு' என்று எழுதினால் போதுமே.

எண்ணூர்:
அங்கே சரி ஐயா. இங்கே 'வளிமம்' என்று வாயுவுக்கும் ஒரு சொல் ஓடுகிறது. சிஎன்ஜி வண்டியில் வாயு நுழையும் வழி ஒன்று, காற்று நுழையும் வழி வேறொன்று. 'வளிவாய்' என்று படித்தவன் எதைக் கழற்றுவான்?

அதோடு, சொல் அந்த உறுப்பின் வேலையைக் காட்ட வேண்டும். வேலை தெரியாமல் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது. கையேட்டில் இது கட்டாயம் வரட்டும்: முதலில் பார்க்க வேண்டியது காற்றை எந்த சென்சார் அளக்கிறது என்பதை. குழாயிலேயே சூடான கம்பி வைத்துக் காற்றின் நிறையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், அந்த இடத்தில் குழாயின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது. பழையது 70 மிமீ, புதியது 76 மிமீ என்று வையுங்கள். பரப்பு 18 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாக நகர்கிறது. சென்சார் 15 விழுக்காடு குறைத்துச் சொல்கிறது. இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிக்கட்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. கலவை மெலிந்து, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் வெடித்து, இன்ஜின் தட்டும். சென்சாருக்கு முன்னால் ஒட்டினாற்போல் வளைவு இருந்தாலும் காற்று சுழன்று அளவு கெடும். மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிக்கு இந்த விட்டக் கணக்கு அவ்வளவு கடுமையாக இல்லை. நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவும் அந்த வகைதான்.

ராயபுரம்:
தம்பி எழுதியது பயனுள்ளது. ஆனால் அதில் தமிழ்ச்சொல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். சென்சாருக்கு 'உணரி' வந்து எத்தனையோ காலமாயிற்று. 'காற்றுநிறை உணரி' என்று எழுதக் கை வலிக்கிறதா?

எண்ணூர்:
வலிக்கவில்லை ஐயா, நல்ல சொல். 'எடை' என்று போடாமல் 'நிறை' என்று போட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. கையேட்டில் சேர்க்கலாம். இன்டேக்குக்கு நான் சொல்வது 'காற்றேற்பி'. காற்று + ஏற்பி, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. மின்மாற்றி, வடிகட்டி போல இகர ஈற்றுக் கருவிப்பெயர்.

ராயபுரம்:
ஏற்பது இகழ்ச்சி என்றாள் ஔவை. காற்றேற்பி என்றால் காற்றுக்குக் கையேந்துபவன்.

எண்ணூர்:
அப்படியானால் இன்னும் பொருத்தம். டர்போ இல்லாத இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது என்பது பேச்சு வழக்கு. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியழுத்தம் காற்றைத் தள்ளிவிடுகிறது. கிடைப்பதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் 'உறிஞ்சுகுழல்' வேண்டாம் என்கிறேன்.

கொழும்பு:
'ஏற்பி' உயிரியலிலும் வேதியியலிலும் வேறு பொருளில் இருக்கிறதே; எலக்ட்ரான் ஏற்பி?

மூலக்கடை:
கடைக்கு எலக்ட்ரான் கேட்டு யாரும் வரமாட்டாங்க. பேரு எதுனா வெச்சிக்கோங்க, தண்ணி மேட்டர மறக்காதீங்க. 'கோல்ட் ஏர்'னு விக்கறதுல ஃபில்டர் பம்பருக்கு உள்ள, வீலுக்கு முன்னால தாழ்வா உக்காரும். வறண்ட ரோட்ல காத்துக்கு நல்லதுதான். மழைல கணேசபுரம் சப்வே, புளியந்தோப்பு பக்கம் போனா முழங்கால் தண்ணியே போதும், ஃபில்டர் முங்கிடும். தண்ணி சிலிண்டருக்குள்ள போனா அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். நின்ன வண்டிய மறுபடி செல்ஃப் அடிச்சாதான் பெரிய செலவு. வட சென்னைக்கு ஃபில்டர் பானெட் ஒயரத்துல இருக்கற டைப்புதான் சொல்லுவேன்.

வியாசர்பாடி:
இதற்கும் ஒரு சொல் வேண்டுமே! ஹைட்ரோலாக்?

ராயபுரம்:
நீர்ப்பூட்டு.

மூலக்கடை:
வண்டி தண்ணி குடிச்சிடுச்சு. இதவிட யாருக்குப் புரியணும்?

எண்ணூர்:
உயரத்தில் வைப்பதிலும் ஒரு விலை உண்டு. மூடி இல்லாமல் இன்ஜின் பக்கத்தில் திறந்து கிடக்கும் ஃபில்டர், நெரிசலில் சூடான காற்றைத்தான் எடுக்கும். 35 டிகிரிக் காற்றுக்கும் 60 டிகிரிக் காற்றுக்கும் அடர்த்தியில் ஏழரை விழுக்காடு வித்தியாசம். மீஞ்சூர் வரை வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்கிறவனுக்கு, மாட்டியதற்கு முன்பு இருந்த இழுவையும் குறையும். ஆகவே பெட்டியோ வெப்பத்தடுப்புத் தகடோ உள்ளதை வாங்க வேண்டும். கம்பெனிப் பெட்டி பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்துதான் காற்று எடுக்கிறது என்பதையும் எழுதுங்கள். 1.2 லிட்டர் இன்ஜின் 6000 சுற்றில் நிமிடத்துக்கு மூவாயிரம் லிட்டர் சொச்சம் காற்றுதான் கேட்கிறது. கம்பெனிக் குழாய்க்கு அது பெரிய வேலையே இல்லை. கூடுவது முக்கியமாகச் சத்தம்.

காசிமேடு:
சத்தத்துக்குத்தானே பையன்கள் வாங்குகிறார்கள்? 'காற்றோசைக் கருவி' என்று வைத்துவிடலாம்.

மூலக்கடை:
ஃபில்டர் துணியும் எழுதணும். எண்ணெ தடவற காட்டன் டைப்ப கழுவிட்டு நெழல்ல காய வெக்கணும். ஏர் கன் அடிச்சா இழை விரிஞ்சிடும். மடிப்பு மடிப்பா அளவா எண்ணெ விட்டு 20 நிமிஷம் ஊற விடணும். வழிய வழிய ஊத்தினா எண்ணெ பறந்து போயி சென்சார் கம்பில ஒட்டும். அப்பறம் ஐடில் ஆடும், பிக்கப் இருக்காது. அத கார்புரேட்டர் ஸ்ப்ரே போட்டு தொடச்சா சென்சாரே போயிடும். அதுக்குன்னு தனி கிளீனர் இருக்கு. மணலி, எண்ணூர் பக்கம் சாம்பலும் லாரிப் புழுதியும் ஜாஸ்தி. எண்ணெ இல்லாத டிரை டைப்போ கம்பெனி பேப்பரோதான் நிம்மதி.

வியாசர்பாடி:
நன்றி அண்ணே, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மாட்டும் முறையை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

'இன்ஜின் ஆறிய பின் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுக. உணரியின் இணைப்பைப் பூட்டை அழுத்தி எடுக்க. ஒயரைப் பிடித்து இழுக்காதே. கிளாம்ப்பைத் தளர்த்திப் பழைய தொகுதியை எடுத்ததும் த்ராட்டில் வாயில் சுத்தமான துணி அடைக்க. உணரியைப் புதிய குழாய்க்கு மாற்றும்போது அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்கட்டும். ரப்பர் வளையம் மடங்கக் கூடாது. துணியை எடுத்த பின் குழாயை மாட்டி, கிளாம்ப்பைக் குழாய் நசுங்காத அளவுக்கு இறுக்குக.'

எண்ணூர்:
பிரீதர் ஹோஸை விட்டுவிட்டீர்கள். கிராங்க் கேஸிலிருந்து வரும் அந்தச் சின்ன ஹோஸைப் புதிய குழாயில் சேர்க்காமல் விட்டால், உணரி அளக்காத காற்று உள்ளே போகும். புதியதில் அதற்குத் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். குழாயைத் தாங்கும் பிராக்கெட்டும் தேவை; இன்ஜின் ஆடும்போது பிராக்கெட் இல்லாத குழாய் கழன்றுகொள்ளும். கடைசியில் இசியூவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போட்டு, லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம்மை (பெட்ரோலை இசியூ எத்தனை விழுக்காடு கூட்டி அல்லது குறைத்துச் சரிக்கட்டுகிறது என்ற கணக்கு) மாட்டுவதற்கு முன்பும், சில நாள் ஓட்டிய பிறகும் ஒப்பிட வேண்டும். பிளஸ் பக்கம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் எங்கோ கசிவு, அல்லது விட்டம் தப்பு.

ராயபுரம்:
'ஃபியூயல் ட்ரிம்' என்பதற்கு 'எரிபொருள் ஈடு' போடலாம். யாரும் பாராட்ட வேண்டாம்.

கொழும்பு:
அருமை ஐயா!

வியாசர்பாடி:
ஆஃப்டர்மார்க்கெட் அப்படியே நிற்கிறது. 'பின்சந்தை' கள்ளச்சந்தைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

ராயபுரம்:
மதுரைக்காஞ்சியில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. பகல் சந்தைக்குப் பின் வருவது...

காசிமேடு:
ஐயா, வேண்டாம்!

மூலக்கடை:
கடைல மூணு பேரு. வண்டிக்கார கம்பெனி போட்டது ஜெனியூன். வேற கம்பெனி தன் பேருலயே செஞ்சது ஆஃப்டர்மார்க்கெட். அடுத்தவன் லேபிள ஒட்டினது டூப்ளிகேட். ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுன்னு தோணற மாதிரி பேரு வெக்காதீங்க, அவ்வளவுதான்.

எண்ணூர்:
'பிறர் தயாரிப்பு'?

கொழும்பு:
'மாற்றுத் தயாரிப்பு'.

ராயபுரம்:
'மாற்று' என்றால் தங்கத்தின் தரம். 'புறப்பாகம்' சுருக்கம்.

காசிமேடு:
புறப்பாகம் என்றால் வண்டிக்கு வெளியே தொங்குவது, கண்ணாடி மாதிரி.

வியாசர்பாடி:
மணி பதினொன்று. 'காற்றேற்பி'க்கு நால்வர், 'வளிவாய்'க்கு ஒருவர். முதல் முறை வருமிடத்தில் 'காற்றேற்பி என்னும் ஏர் இன்டேக்' என்று போடுகிறேன். ஆஃப்டர்மார்க்கெட் தமிழ் எழுத்தில் அப்படியே போகட்டும். நீர்ப்பூட்டு தலைப்பில், விளக்கத்தில் 'வண்டி தண்ணி குடிப்பது'.

ராயபுரம்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. அடுத்த பதிப்பில் வளிவாய்.

மூலக்கடை:
டீச்சர், மூணாம் பக்கத்துல இன்னும் 'உள்வாங்கி'ன்னே இருக்கு. அப்பறம் குழாய்ல சத்தத்த அடக்கற ரெசனேட்டருக்கு என்ன போட்டீங்க?