டோக்கியோவின் சுவரோவியங்களை எங்கிருந்து காணத் தொடங்கலாம்?

வினா:
விரைவில் டோக்கியோ செல்லவிருக்கிறேன். அருங்காட்சியகங்களைவிடப் பொதுவெளியில் உள்ள ஓவியங்களைக் காண்பதிலேயே எனக்கு நாட்டம் அதிகம். எங்கே தொடங்கலாம் என்று நண்பர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
ஐயமின்றி ஷிபுயா நிலையத்தில் தொடங்குங்கள். 1968–69இல் மெக்சிகோவில் ஒரு விடுதிக்காகத் ஜப்பானிய ஓவியர் தாரோ ஒகமோட்டோ தீட்டி, அவ்விடுதி முற்றுப்பெறாததால் காணாமற்போய், 2003இல் கண்டெடுக்கப்பட்ட ‘நாளையின் தொன்மம்’ என்னும் 30 மீட்டர் நீள ஓவியம், 2008 முதல் அங்குள்ள இணைப்பு நடைபாதையில் இருக்கிறது. நடுவே அணுகுண்டில் எரியும் எலும்புக்கூடு. வலப்புறம் கீழே, 1954ஆம் ஆண்டு பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கத் தூசு படிந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு. பயணச்சீட்டின்றியே பார்க்கலாம். ஆனால் அலுவலக நேரத்தில் போனால் கூட்டம் உங்களை நிற்கவிடாது.

மறுமொழி 2:
அந்தக் கீழ்மூலையை உற்றுப் பாருங்கள். ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின், 2011இல், சிம்பொம் என்ற கலைஞர் குழு அணு உலைகளைச் சித்திரிக்கும் சிறு பலகையொன்றை அனுமதியின்றி அங்கே பொருத்தியது. மூல ஓவியத்துக்குச் சேதமில்லை. பலகை உடனே அகற்றப்பட்டது. என்னைக் கேட்டால், ஒகமோட்டோவை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

மறுமொழி 3:
கால்வாயோரக் கிடங்குகள் நிறைந்த தென்னோசு தீவுப் பகுதியில் கட்டடச் சுவர்களை நிறைக்கும் பெரிய ஓவியங்கள் உள்ளன. கோயென்ஜியிலும் சில உண்டு; அங்கே கடைகளின் இழுகதவுகளிலும் ஓவியங்கள் இருப்பதால், அவை மூடியிருக்கும் நேரமே ஏற்றது.