குழந்தையோடு கிளம்பும் முன்னால்: கஸ்டடி வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். வீடு பிடிப்பது, லைசென்ஸ் எடுப்பது எல்லாம் ஆளாளுக்குச் சொல்லித் தருகிறார்கள், இதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை என்றதும் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா இருக்கும் மாநிலத்துக்கோ நேராக ஊருக்கோ வந்துவிடுகிறார். வழக்கை எங்கே போடுவது என்று அப்புறம்தான் யோசிக்கிறார்கள்.

அங்கே விவாகரத்து வேறு, கஸ்டடி வேறு. புது மாநிலத்தில் நீங்கள் போதுமான காலம் குடியிருந்தால் அந்தக் கோர்ட் விவாகரத்து கொடுத்துவிடலாம், ஆனால் குழந்தை யாரிடம் வளர்வது என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லாமல் போகலாம். 1997இல் வரைந்த ஒரு பொதுச் சட்டத்தை ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதன்படி முதலில் பார்ப்பது ஹோம் ஸ்டேட், அதாவது வழக்கு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் குழந்தை அப்பாவோடோ அம்மாவோடோ வாழ்ந்த மாநிலம். ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தை என்றால் பிறந்ததிலிருந்து இருந்த இடம். எச்1பி விசா, எச்4 விசா, கிரீன் கார்டு எதுவும் இதில் கணக்கில்லை. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் இல்லாத அதிகாரம் ஒரு கோர்ட்டுக்கு வந்துவிடாது.

நியூ ஜெர்சியில் இருந்தவர் குழந்தையோடு டெக்சாஸுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது, கணவர் இன்னும் நியூ ஜெர்சியில்தான் என்றால், டெக்சாஸில் இன்னும் ஆறு மாதம் நிறையாததால் வழக்கு நியூ ஜெர்சிக்குத்தான் போகும். கணவர் எதுவும் செய்யாமல் இருந்து டெக்சாஸில் ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிலைமை மாறிவிடும்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது தாத்தா பாட்டி வீட்டில். ஏப்ரலில் கோத்தகிரிக்கு வருகிறீர்கள், ஜூலையில் திரும்ப டிக்கெட் இருக்கிறது, சரி, அது தற்காலிகப் பயணம், ஆறு மாதக் கணக்கை உடைக்காது. ஆனால் ஜூனில் ஊட்டியில் ஒரு பள்ளியில் சேர்த்து, அமெரிக்க வீட்டையும் காலி செய்து, டிக்கெட்டை ரத்து செய்தால் அதே பயணத்தைக் கோர்ட் வேறு மாதிரி பார்க்கக்கூடும், ஏனென்றால் வெளிநாட்டையும் ஒரு மாநிலம் போலத்தான் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வழக்கு போடும்போது குழந்தை கடைசி ஐந்து வருடம் எங்கெங்கே, யார் யாரோடு வாழ்ந்தது என்று சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும், கட்டபெட்டில் பாட்டியோடு வளர்ந்த மாதங்கள் உட்பட. அதனால் வாடகை ஒப்பந்தம், டேகேர் ரசீது, தடுப்பூசி அட்டை, இரண்டு பக்க டிக்கெட் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். கிளம்பும் முன் "ஜூலையில் திரும்பிவிடுவோம்" என்று இருவருக்குள்ளும் ஒரு மின்னஞ்சல் போய்வந்திருந்தால் அது பிற்பாடு பெரிய உதவி.

ஊருக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாடு விட்டுக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அது உண்மைதான். ஆனாலும் அமெரிக்காவில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ இங்கே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு போடலாம். நீலகிரிக்காரர்களுக்கு அது சென்னை, கொடைக்கானல் பக்கம் என்றால் மதுரைக் கிளை. வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு, குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கவேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு எந்தப் பக்கமும் போகலாம். இங்கேயே காப்பாளர் மனு போடுவதானாலும், 1890ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எது என்றுதான் கேட்கிறது, அப்பா அம்மாவின் சொந்த ஊரை அல்ல.

அடி உதை, உயிர் பயம் என்றால் ஆறு மாதம் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், தங்கச்சி. 911ஐக் கூப்பிட்டு வெளியே வாருங்கள். நீங்கள் குழந்தையோடு போய்ச் சேர்ந்த மாநிலத்தின் கோர்ட் அவசர அதிகாரத்தில் தற்காலிக உத்தரவு போட முடியும். குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கு ஆபத்து என்றாலும் போடும். ஐந்து வருட முகவரி எழுதும்போது இப்போதைய முகவரியை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள், அதற்கும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.